செஸ்நட் காட்டு வாசல் வரை மின்சைக்கிளில்

கொலராடோவில் இருக்கும் என் தம்பி சிங்கப்பூர் வருகிறேன் என்றதும் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அக்கா, அங்க மலைச் சைக்கிள் ஓட்டுற காடு இருக்காமே, இ-பைக் கிடைக்குமா?” என்றுதான் கேட்டான்.

காடு இருக்கிறது. மலைக்கு 163 மீட்டர் உயர புக்கிட் தீமா இருக்கிறது. ராக்கி மலையடிவாரத்தில் குடியிருப்பவன் அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் சரி. இ-பைக், அதாவது மின்சைக்கிள், சமாச்சாரம்தான் இங்கே வேறு.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கணக்கில் மின்சைக்கிள் என்றால் எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது, மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. மிதித்தால்தான் மோட்டார் கைகொடுக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் அது தானாக நின்றுவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் மாதிரி முறுக்கிவிட்டுப் போகிற வேலையெல்லாம் ஆகாது. இதிலெல்லாம் தேறிய வண்டிக்கு ஆரஞ்சு நிற முத்திரையும் பின்னால் பதிவெண் பலகையும் உண்டு. ஓட்டுபவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து விதிமுறைத் தேர்வு ஒன்றிலும் தேறியிருக்க வேண்டும். அதனால் “உன் வண்டியைக் கொடு, ஒரு சுற்று போய்ட்டு வர்றேன்” என்ற பேச்சுக்கே இடமில்லை. தம்பியிடம் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது.

அவன் ஊர்க் கணக்கே வேறு. அங்கே 750 வாட் வரை மோட்டார் வைக்கலாம். மிதித்தால் மட்டும் மோட்டார் உதவுகிற ‘முதல் வகுப்பு’ இ-பைக்குக்கு மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் வரை மோட்டார் துணை வரும். அவனுடைய வண்டிக்கு முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், நடுவில் செங்கல் கனத்துக்கு ஒரு பேட்டரி. அந்த மாதிரி வண்டிகள் பெரும்பாலும் எடையிலேயே இங்கே தோற்றுவிடும். காட்டு வாசலுக்கே வர வேண்டியதில்லை.

ஆக, சனிக்கிழமை விடிகாலையில் என் வீட்டுக்காரருடைய சாதாரண மலைச் சைக்கிளில் அவனும், என் மின்சைக்கிளில் நானும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து கிளம்பினோம். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் எனக்குத் தடையில்லை. நடைபாதை குறுக்கிட்ட இடங்களில் இறங்கித் தள்ளினேன். சந்தைக்குத் தள்ளுவண்டியை இழுத்துப் போன சீனப் பாட்டி ஒருவர் என்னைவிட வேகமாகப் போனார். தம்பிக்கு அதில் ஏக சந்தோஷம்.

செஸ்நட் இயற்கைப் பூங்கா 81 ஹெக்டர். இங்குள்ள இயற்கைப் பூங்காக்களிலேயே பெரியது. பக்கத்திலிருக்கும் மத்திய நீர்ப்பிடிப்பு என்ற பாதுகாக்கப்பட்ட காட்டின்மேல் ஆள் கூட்டம் மொத்தமாகப் போய் விழாமல் தாங்கிக்கொள்ளத்தான் இந்த மாதிரிப் பூங்காக்கள். நடப்பவர்களுக்கு ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை என்று பிரித்திருக்கிறார்கள். சைக்கிள் தடம் மட்டும் 8 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மோட்டார் வைத்த வண்டிக்கு அந்தத் தடத்தில் அனுமதி கிடையாது, ஆரஞ்சு முத்திரை இருந்தாலும்.

“மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு மிதிச்சா என்னவாம்?” என்றான் தம்பி.

“ஆஃப்ல இருக்கா ஆன்ல இருக்கான்னு ஒவ்வொரு வளைவிலயும் ஆள் போட்டுப் பார்க்க முடியுமாடா?” என்று சொல்லிவிட்டு வண்டியைப் பூட்டினேன். அவன் சைக்கிள் தடத்தில் இறங்கினான், நான் நடைவழியில் போனேன்.

இரண்டு பாதைகளும் நெருங்கி வரும் ஓரிடத்தில் நின்று அந்தத் தடத்தைப் பார்த்தேன். ஹேண்டில்பார் அகலத்துக்குமேல் கொஞ்சம்தான் இடம். முந்தின இரவு பெய்த மழையில் செம்மண் கொழகொழவென்று கிடந்தது. குறுக்கே ஓடிய வேர்களின் மேல்தோல் டயர் பட்டுப் பட்டு உரிந்து வெளுத்திருந்தது. யாரோ பிரேக்கை அழுத்திச் சறுக்கிய இடத்தில் விரல் ஆழத்துக்கு ஒரு கோடு. அடுத்த மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்கும். மூச்சு வாங்கி ஏறுகிறவர் நடக்கிற வேகத்தில்தான் போவார். அவர் பின்னால் அதே மேட்டை மோட்டார் உதவியோடு மூன்று மடங்கு வேகத்தில் ஒருவர் ஏறி வந்தால் ஒதுங்க எங்கே இடம்?

முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்த தம்பி, அமெரிக்கத் தேசியக் காடுகளிலும் இப்படித்தான் என்றான். அங்கே வனச் சேவைத் துறை இ-பைக்கை மோட்டார் வாகனக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. மோட்டார் வண்டிக்குத் திறந்துவிட்ட தடம், அல்லது இ-பைக்குக்கென்றே அனுமதித்த தடம், இவற்றில்தான் ஓட்டலாம். ஆனால் அங்கே ஒரு தடம் மூடியிருந்தால் காரில் ஏறி இன்னொன்றுக்குப் போய்விடலாம். நமக்கு அப்படித் தேடிப் போக இன்னொரு காடு ஏது?

தடை சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஒரே ஒரு மனக்குறை உண்டு. முட்டிவலியோடு இன்னும் சைக்கிளை விடாத பெரியவர்கள் நிறையப் பேர் நம்மிடையே இருக்கிறார்கள். 25 கிலோமீட்டர்கூட வேண்டாம், 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கட்டிப்போட்ட வண்டியில், அகலமான சரளைப் பாதை ஏதாவது ஒன்றில், வார நாள் காலையில் மட்டும் அவர்களை விட்டுப் பார்க்கலாம். குறுகலான தடத்தைக் கேட்கவில்லை.

போக நினைப்பவர்கள் நல்ல மழைக்கு மறுநாள் சைக்கிளோடு போகாதீர்கள்; தடமும் கெடும், நீங்களும் விழுவீர்கள். தண்ணீரை மறக்காதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் குரங்குகள் அதைச் சாப்பாட்டுப் பொட்டலம் என்றே எடுத்துக்கொள்ளும். பாவமே என்று வாழைப்பழத்தை நீட்டினால் அதற்கும் இங்கே அபராதம் உண்டு.