ஹாய்ஸ்டின் தூக்கும் வேகம்: சூத்திரம் சொல்வதும் மோட்டார் செய்வதும்

சுமை தூக்கும் இயந்திரமான ஹாய்ஸ்ட் எவ்வளவு வேகத்தில் தூக்கும் என்று கேட்டால், படிப்பை முடித்து வரும் பிள்ளைகள் உடனே திறனை விசையால் வகுப்பார்கள். சூத்திரம் சரிதான். அதில் எந்த எண்களைப் போடுகிறோம், வரும் விடைக்கு என்ன பொருள் என்பதில்தான் கோளாறு வருகிறது.

5 டன் ஹாய்ஸ்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேம் பிளேட்டில் 7.5 கிலோவாட். இது மோட்டார் தண்டில் கிடைக்கும் திறன்; லைனிலிருந்து இழுப்பது இதைவிட அதிகம். பழைய பிளேட்டில் 10 ஹெச்.பி. என்றிருந்தால், ஒரு ஹெச்.பி.க்கு 746 வாட் வீதம் ஏறக்குறைய அதே அளவுதான். கியர்பாக்ஸிலும் புல்லிகளிலும் வீணாவது போக 80 சதவீதம் கொக்கிக்கு வருவதாக வைத்தால் 6,000 வாட்.

அடுத்து விசை. சரக்கு 4,800 கிலோ, அதைக் கொக்கியில் மாட்டும் ஸ்லிங்கும் ஷேக்கிளும் தூக்குச் சட்டமும் 200 கிலோ. 5 டன் வரம்பு இதோடு நிறைந்துவிட்டது. கொக்கியும் அதன் புல்லிகளும் சேர்ந்த கொக்கி பிளாக் ஹாய்ஸ்டின் பாகம், வரம்பில் சேராது; ஆனால் மோட்டார் அதையும் தூக்குவதால் அந்த 100 கிலோவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 5,100 கிலோவை 9.81 ஆல் பெருக்கினால் 50,031 நியூட்டன். வகுத்தால் நொடிக்கு 0.12 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 7.2 மீட்டர். 9.81 ஆல் பெருக்க மறந்தால் விடை 70 மீட்டரைத் தாண்டும். அந்த எடை அப்படிப் பறக்காது என்று பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும்.

இந்த 7.2 மீட்டர் ஓர் உச்சவரம்பு மட்டுமே. உண்மையில் ஓடும் வேகத்தைத் தீர்மானிப்பவை மோட்டாரின் சுற்றும், கியர் விகிதமும், ரோப் சுருளும் ட்ரம்மின் விட்டமும், ரோப் எத்தனை வரியாகத் தொங்குகிறது என்பதும். 4 போல் (நான்கு காந்த முனை) மோட்டார் முழுச்சுமையில் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று. கியர் விகிதம் 48 என்றால் ட்ரம் நிமிடத்துக்கு 30 சுற்று. விட்டம் 300 மி.மீ. என்றால் ரோப் 28.3 மீட்டர் சுருளும். நான்கு வரி ரோப்பில் கொக்கி ஏறுவது அதில் கால் பங்கு, 7.07 மீட்டர். வரம்புக்குச் சற்றுக் கீழே இருப்பதால் மோட்டார் தாங்குகிறது.

சுமையைப் பாதியாக்கினால் சூத்திரப்படி வேகம் இரட்டிப்பாக வேண்டும். ஆகாது. சாதாரண இன்டக்‌ஷன் மோட்டார் அதே 7 மீட்டர் சொச்சத்தில்தான் தூக்கும். குறைவது அது இழுக்கும் திறன். பலர் தடுமாறும் இடம் இதுதான்.

சரிபார்க்க, சுவரில் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடு போடுங்கள். கொக்கி கிளம்பி வேகம் பிடித்த பிறகே முதல் கோடு வர வேண்டும். முழுச்சுமையில் 17 நொடி ஆக வேண்டும். ஆனால் நேரத்தை மட்டும் நம்பக் கூடாது. பிரேக் முழுதாக விடாமல் உரசினாலும், புல்லி பேரிங் இறுகினாலும் வேகம் அதிகம் குறையாது, ஆம்பியர்தான் ஏறும். 415 வோல்ட்டில் இந்த மோட்டார் முழுச்சுமைக்குச் சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். அதே சுமைக்கு கிளாம்ப் மீட்டர் 17 காட்டினால் முதலில் பிரேக் இடைவெளியைப் பாருங்கள். வோல்டேஜையும் அளந்துகொள்ளுங்கள்: 360க்கு இறங்கினால் மோட்டாரின் உச்ச முறுக்குவிசை முக்கால் பங்காகிவிடும், வைண்டிங் சூடாகும்.

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் டிரைவ் பொருத்திய ஹாய்ஸ்டில் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டி, குறைந்த சுமையை வேகமாகத் தூக்கலாம். சூத்திரம் அங்கே ஓரளவு அப்படியே பலிக்கும். தயாரிப்பாளர் அனுமதித்த வரம்புக்குள் மட்டுமே செய்யுங்கள். வேகம் இரட்டிப்பானால் பிரேக் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் நான்கு மடங்கு.