வீடு கைகாட்டிய வீடு: கியூபாவில் அறை தேடிய கதை

ஹவானாவில் இறங்கும்போது என்னிடம் ஒரே ஒரு வீட்டு முகவரிதான் இருந்தது. அதுவும் முதல் மூன்று இரவுகளுக்கு மட்டும். மீதிப் பதினொரு இரவுகளுக்கு எங்கே தங்குவது என்று எந்த ஏற்பாடும் செய்யவில்லை. 2017 பிப்ரவரி, சீசன் நேரம் வேறு. ஹோட்டல் வாடகை என் பட்ஜெட்டுக்கு எட்டாது. பத்துப் பேரோடு ஒரே அறையில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு தனி அறை, சுத்தமான குளியலறை, காலையில் பேச்சுக்கு ஒரு குடும்பம். எனக்கு இவ்வளவு போதும்.

கியூபாவில் இதற்கு ‘காஸா பர்த்திகுலார்’ என்று பெயர். தனியார் வீடு என்று பொருள். 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றுபோய், சாப்பாட்டுக்கே திண்டாட்டமானது. அந்த நெருக்கடியில் மக்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்து வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். 1997-ல் அரசு அதைச் சட்டப்படி அனுமதித்து உரிமம் கொடுத்தது. உரிமம் உள்ள வீட்டின் கதவில், தலைகீழாகப் பிடித்த நங்கூரம் போல ஒரு நீலச் சின்னம் ஒட்டியிருக்கும். அதே சின்னம் சிவப்பாக இருந்தால் அந்த வீடு உள்ளூர்க்காரர்களுக்கானது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தபடியே அறை தேடலாம்.

என் முதல் வீடு வெதாதோ பகுதியில் இருந்தது. பழைய ஹவானாவை விட அமைதியான இடம். உள்ளே நுழைந்ததும் வீட்டம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டு, பெரிய நோட்டுப் புத்தகம் ஒன்றை மேஜைமேல் விரித்தார். என் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண், நாடு, விசா விவரம், வந்த தேதி என்று கட்டம் கட்டமாக எழுதினார். ஒவ்வோர் எண்ணையும் விரல் வைத்து இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் என்னிடம் கையெழுத்து வாங்கினார். யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், தவறினால் அபராதம். உங்களிடம் பாஸ்போர்ட் கேட்காமல் சாவியைக் கொடுக்கிற வீடு என்றால், அங்கே உரிமம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடகை ஓர் இரவுக்கு 25 சியுசி. சியுசி என்பது அப்போது கியூபாவில் புழங்கிய பணம், ஒரு சியுசி ஒரு டாலருக்குச் சமம். வாடகை ஆளுக்கு அல்ல, அறைக்கு. அதனால் இரண்டு பேராகப் போனால் செலவு பாதியாகிவிடும். காலைச் சாப்பாட்டுக்குத் தனியாக 5 சியுசி: முட்டை, ரொட்டி, தட்டு நிறைய கொய்யாவும் பப்பாளியும். மதியம் வரை பசிக்காது. பணம் முழுவதும் ரொக்கம்தான். அப்போது டாலர் நோட்டை மாற்றினால் 10 சதவீதம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதால் யூரோவாகக் கொண்டுபோயிருந்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி வீட்டம்மாவே கேட்டார், “அடுத்து எங்கே?” வின்யாலெஸ் என்றேன். உடனே போனை எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ ஒருவரிடம் ஐந்து நிமிடம் குடும்பக் கதை பேசி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி நான்கு விரலைக் காட்டினார். நான்கு இரவுதானே? ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், அறை உறுதி. முன்பணம் கிடையாது, ரசீது கிடையாது. மறுநாள் வியாஸூல் பஸ்ஸில் போய் இறங்கினால், ஓர் அட்டையில் என் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது. வாசல் திண்ணையில் இரண்டு ஆடும் நாற்காலிகள், எதிரே செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள். நான்கு சாயங்காலமும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்துப் போன கியூப ஊரான திரினிதாத்தில்தான் கொஞ்சம் ஏமாந்தேன். பஸ் ஒரு மணி நேரம் தாமதம். என்னை அழைத்துப்போக வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு புரோக்கர் வந்து என் கையிலிருந்த முகவரிச் சீட்டை எட்டிப் பார்த்தார். “அந்த வீட்டில் தண்ணீர் வரவில்லை, உங்களை என்னோடு அனுப்பச் சொன்னார்கள்” என்றார். நம்பிப் பின்னால் போனேன். போன இடத்தில் 30 சியுசி கேட்டார்கள். கூடுதலான அந்த 5, ஒவ்வோர் இரவுக்கும் புரோக்கர் கமிஷன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கதவு எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி நடந்தேன். மூன்று தெரு தள்ளி, சரியான வீட்டில், குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தது. வீட்டுக்காரர் முகத்தில்தான் அத்தனை வருத்தம். அவர் எனக்காகச் சமைத்து வைத்திருந்தார். ‘அந்த வீடு நிரம்பிவிட்டது’, ‘அந்தம்மா ஊரில் இல்லை’ என்று யார் சொன்னாலும், அந்தக் கதவை நீங்களே ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

பேரம் பேசலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான்கைந்து இரவு தங்குவதாக இருந்தால் கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் குடும்பங்கள் அப்போது மாதாமாதம் உரிமக் கட்டணம் கட்டியாக வேண்டியிருந்தது, அதற்கு மேல் வருமான வரியும் இருந்தது. அது தெரிந்த பிறகு எனக்குக் கேட்க மனசு வரவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு ஒன்று: சியுசி 2021-ல் ஒழிந்துவிட்டது, நான் சொன்ன வாடகைக் கணக்கு இன்றைக்கு உதவாது. எந்தப் பணத்தில் எவ்வளவு என்று போகும் முன்பே வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். மின்வெட்டும் கூடியிருக்கிறது, ஒரு டார்ச் கட்டாயம் வேண்டும்.

கடைசி இரண்டு இரவுக்கு வெதாதோ வீட்டுக்கே திரும்பினேன். என் பழைய அறையில் வேறு யாரோ இருந்தார்கள். வீட்டம்மா என் பையைத் தானே தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து, எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கேயும் நீல நங்கூரம், அங்கேயும் ஒரு நோட்டு. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது வாசலிலிருந்து சொன்னார்: “தூங்குவது இங்கே. காலைச் சாப்பாடு என் வீட்டில், எட்டு மணிக்கு.”