செவலையின் முதுகும் வெஸ்டர்ன் சேணமும்

ஜூன் 14, முன்னீர்பள்ளம்

செவலை மார்வாரி இனப் பெட்டைக் குதிரை, வயது ஆறு. குட்டை முதுகு. பிடரி மயிர் முடியும் இடத்து மேடு உயரம், அதன் இருபுறமும் குழி. அவளுக்கு வந்திருக்கும் வெஸ்டர்ன் சேணம், அதாவது அமெரிக்க மாட்டுக்காரர்கள் பாணிச் சேணம், 14 கிலோ. அதன் உள்சட்டம் அமெரிக்கக் குவார்ட்டர் குதிரையின் அகன்ற, சதைப்பிடிப்பான முதுகுக்குச் செய்தது. இங்கேதான் சிக்கல்.

ஆங்கிலச் சேணம் என்றால் உள்ளே அடைத்த கம்பளியைக் கூட்டிக் குறைக்கலாம். வெஸ்டர்னில் அது நடக்காது. முதுகுத்தண்டின் இருபுறமும் படுகிற ‘பார்’ என்ற இரண்டு நீளப் பலகைகள்தான் எடையைத் தாங்குகின்றன. அவற்றின் சாய்வும் வளைவும் சரியில்லாவிட்டால் தோல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை.

இன்று அளவு மட்டும். சமதரையில் நான்கு காலும் ஊன்றி, தலை நேராக இருக்கும்படி நிறுத்தினோம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் கெட்டியான செம்புக் கம்பியை முதுகின் குறுக்கே மூன்று இடத்தில் அழுத்தி வளைத்தோம்: தோள்பட்டை எலும்புக்கு மூன்று விரல் பின்னால், முதுகின் பள்ளத்தில், கடைசி விலா எலும்பில். வளைவு மாறாமல் எடுத்து அட்டையில் வரைந்து வெட்டியாயிற்று.

ஜூன் 15

சேணத்தை விரிப்பே இல்லாமல் வெறும் முதுகில் வைத்துப் பார்த்தோம். விரிப்பு போட்டால் குறை மறைந்துவிடும். கொஞ்சம் முன்னால் வைத்து, முடி போகிற போக்கில் பின்னால் தள்ளினால் தானாக ஓரிடத்தில் நிற்கும். அதுதான் அதன் இடம். பார் தோள்பட்டை எலும்பின் மேல் ஏறக்கூடாது, கடைசி விலாவைத் தாண்டவும் கூடாது. முன்னங்காலை ஒருவர் முன்னுக்கு இழுத்துப் பிடிக்க, பாரின் முன்நுனியில் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். காலை நீட்டும்போது தோள்பட்டையின் மேல்நுனி பின்னால் வருகிறது.

மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு முதல் மூன்று விரல் இடைவெளி வேண்டும். செவலைக்கு ஒரு விரல்தான். சட்டம் அகலம் என்பதால் முன்பக்கம் இறங்கி, பாரின் மேல்விளிம்பு மேட்டருகே குத்துகிறது. சட்டம் குறுகலாக இருந்தால் கீழ்விளிம்பு கிள்ளும்.

நடுவில் உள்ளங்கை தடையில்லாமல் போய் வந்தது. முன்னும் பின்னும் மட்டும் தொட்டு நடுவில் பாலம் போட்டு நிற்கிறது. நம் திருநெல்வேலி சுலோசன முதலியார் பாலத்துக்கு நடுவில் தூண்கள் உண்டு; இதற்கு இல்லை. ஏறுகிறவர் எடை முழுக்க நான்கு நுனியில்.

ஜூன் 16

பழைய விரிப்புகள் இரண்டைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். எடுத்துவிட்டோம். அடுக்கினால் சேணம் ஆடும், ஆடுகிறதே என்று வயிற்றுவாரை இறுக்குவார்கள், புண் அங்கே வரும். குறுகலான சட்டத்துக்கு இன்னும் மோசம், இறுக்கம்தான் கூடும். அகலச் சட்டத்தை ஓரளவு சரிக்கட்டலாம். குறுகலை எதைப் போட்டும் சரிக்கட்ட முடியாது, திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

ஜூன் 19

வெள்ளை வேட்டித்துணியை முதுகில் விரித்து, மேலே விரிப்பும் சேணமும் போட்டு அரை மணி நேரம் நடையும் ஓட்டமும். சாரல் காற்று வேர்வையைச் சீக்கிரம் காயவைக்கிறது, அதனால் இறக்கிய கையோடு பார்க்க வேண்டும்.

துணியில் மேட்டின் இருபுறமும் கறுப்பாக அழுக்கு, நடுவே வெளுப்பு. முதுகிலும் இரண்டு விதமான காய்ந்த இடங்கள். நடுவில் காய்ந்த இடத்தில் முடி கலையாமல் பளபளவென்று கிடக்கிறது, தொட்டால் சும்மா நிற்கிறாள். அங்கே சேணம் படவேயில்லை. மேட்டருகே சுற்றிலும் ஈரம், உள்ளே இரண்டு ரூபாய் நாணயம் அளவு வறட்சி, முடி புரண்டிருக்கிறது, கை வைத்தால் சூடு, விரலால் அழுத்தினால் முதுகைத் தாழ்த்திக் காதை மடக்குகிறாள். அழுத்தத்தில் வேர்வை வராமல் நின்றுபோன இடம் அது. இப்படியே விட்டால் அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும். ‘காய்ந்திருந்தால் கெடுதல்’ என்று மொத்தமாகச் சொல்வது தவறு, கை வைத்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

ஜூன் 22

பாளையங்கோட்டையில் தோல் வேலை செய்யும் அண்ணாச்சியிடம் 6 மி.மீ. கம்பளி ஃபெல்ட்டில் (அழுத்திச் செய்த கெட்டிக் கம்பளி) துண்டுகள் வெட்டி வாங்கினோம். தோள்குழிக்கு ஒரு ஜோடி, நடுவுக்கு ஒரு ஜோடி. ஓரத்தைக் கத்தியால் சீவிச் சீவி ஒன்றுமில்லாமல் கரைத்துவிடச் சொன்னோம். வெட்டிய விளிம்பு அப்படியே நின்றால் அதுவே புதிய புண். மேட்டுப் பக்கம் திறப்பு வைத்த முக்கால் அங்குல விரிப்பு ஒன்றுதான், துண்டுகள் அதன் பைக்குள்.

கட்டுமுன் விரிப்பைச் சேணத்தின் குகைக்குள், அதாவது மேட்டுக்கு நேர் மேலே உள்ள வெற்றிடத்துக்குள், தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேட்டை இழுத்து அழுத்தும். வயிற்றுவார் முழங்கை மடிப்புக்கு நான்கு விரல் பின்னால், மூன்று தவணையாக இறுக்கம். பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னுக்கு இழுத்துவிட்டால் வாருக்கடியில் சுருங்கிய தோல் நேராகும். பின்வார் வயிற்றைத் தொட்டால் போதும், தொங்கவிட்டால் கால் மாட்டிக்கொள்ளும்.

ஜூன் 27

ஆள் ஏறியதும் இடைவெளி இரண்டரை விரல், இருபது நிமிடத்தில் ஃபெல்ட் அமுங்கி இரண்டு. இதற்குக் கீழே போகவில்லை. வேட்டித்துணியில் அழுக்கு இருபுறமும் ஒரே சீராக. மேட்டருகே சூடு இல்லை.

விரிப்பில் உப்பு படிந்து மொடமொடக்கிறது. அலசி நிழலில் போட்டாயிற்று. தோள்குழியில் சதை பிடித்தால் முன்துண்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அட்டைகள் மூன்றும் லாயத்து ஆணியில் தொங்குகின்றன. ஆடிப்பெருக்குக்கு மறுபடி அளவு.