ரொட்டுமன் மொழியின் கடைசி உயிர்

மே 4, 2024

ரொட்டுமா ஃபிஜி நாட்டைச் சேர்ந்த தீவு. ஆனால் தலைநகர் சுவாவிலிருந்து வடக்கே 600 கி.மீ.க்கும் மேல் தள்ளி இருக்கிறது, பரப்பு 43 சதுர கி.மீ.தான். தீவில் இப்போது 2,000 பேர்கூட இல்லை. ரொட்டுமன் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஃபிஜியின் பெரிய தீவுகளில் வாழ்கிறார்கள்.

மலேசியாவில் வளர்ந்த எனக்கு அதன் சொற்பட்டியலைப் படிக்கப் படிக்க உற்சாகம் தாங்கவில்லை. மலாயும் ரொட்டுமனும் ஆஸ்ட்ரோனேசியன் என்ற ஒரே பெருங்குடும்பத்து மொழிகள். மலாயில் கண் ‘மாத்தா’, இங்கே ‘மஃப’. காது ‘தெலிங்கா’, இங்கே ‘ஃபலிங’. கல் ‘பாத்து’, நம் பத்துமலைப் பெயரில் இருக்கிற அதே பாத்து, இங்கே ‘ஹஃபு’. மலாயில் ‘த’ இருக்கும் இடத்தில் எல்லாம் ‘ஃப’ நிற்கிறது. ஐந்து மட்டும் இரண்டிலும் ‘லிம’தான்.

மீன் ‘இ’அ’. நடுவில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். மலாயில் ‘அனாக்’ என்று சொல்லும்போது கடைசியில் வருகிற அடைப்பு அதுவே. மீனுக்கான மலாய்ச் சொல் ‘ஈக்கான்’, அதன் ‘க’ இங்கே இப்படி ஆகிவிட்டது.

மே 5

‘த’ அப்படியே நிற்கும் சொற்களும் உண்டு. அவற்றில் பல, டோங்கா, சமோவா பக்கத்துப் பொலினீசிய மொழிகளிலிருந்து பிறகு வந்த கடன்கள் என்று மொழியியலாளர் புரூஸ் பிக்ஸ் 1965இல் காட்டினார். சமோவாவிலிருந்து ராஹோ என்பவர் கூடையில் மண் கொண்டுவந்து கொட்டித் தீவை உண்டாக்கினார் என்பது ரொட்டுமாவின் பழங்கதை. கதை சொல்லும் உறவைச் சொற்களும் சொல்கின்றன.

மே 8

இதற்காகத்தான் இந்த மொழிக்குள் வந்தேன். இரண்டு நாளாக வேறு எதிலும் மனம் போகவில்லை.

ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வடிவம். 1940இல் ரொட்டுமன் இலக்கணமும் அகராதியும் வெளியிட்ட மெதடிஸ்ட் மிஷனரி சி. மேக்ஸ்வெல் சர்ச்வர்டின் பெயரீட்டைத் தமிழில் முழு நிலை, குறை நிலை என்று சொல்லலாம். பூ, முழு நிலையில் ‘ஹொஸ’. குறை நிலையில் ‘ஹொஅஸ்’. கடைசி உயிர் தன் மெய்யைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆளுதல் ‘புரெ’, அது ‘புஎர்’ ஆகும். சில சொற்களில் உயிர் சும்மா உதிர்ந்துவிடும்: ‘தொகிரி’, ‘தொகிர்’.

அப்புறம் மூன்றாவது வகை, எனக்கு மிகவும் பிடித்தது. தூங்குவது ‘மொஸெ’. குறை நிலையில் கடைசி ‘எ’ போய்விடும். ஆனால் போகும்போது முன்னால் இருக்கும் ‘ஒ’வை மாற்றிவிட்டுப் போகும். உதட்டை ‘ஒ’வுக்குக் குவித்து, நாக்கை ‘எ’வுக்கு வைத்துச் சொல்லிப் பாருங்கள், அந்த ஒலிதான். இழுப்பது ‘ஃபுதி’. அதில் உதடு ‘உ’, நாக்கு ‘இ’. அடிப்படை உயிர்கள் ஐந்தே. இப்படிப் பிறந்தவற்றையும் சேர்த்தால் பத்துக்குக் குறையாது.

மே 9

சரி, இரண்டு வடிவம் எதற்கு?

“’எப ல ஹொஅ’” என்றால் அந்தப் பாய்களை எடுத்துப் போவார்கள். “’எஅப் ல ஹொஅ’” என்றால் ஏதோ சில பாய்களை எடுத்துப் போவார்கள். ‘அந்த’, ‘சில’ என்று தனிச்சொல் எதுவும் இல்லை. பாய் என்னும் சொல்லின் கடைசி உயிர் எங்கே நிற்கிறது என்பதே அந்த வேலையைச் செய்கிறது. வினையைப் பாருங்கள், அதுவும் குறை நிலையில்தான் இருக்கிறது. முழு வடிவம் ‘ஹொ’அ’.

பெயருக்குப் பின் அடைமொழி வந்தால் பெயர் குறுகிவிடும். தொடரின் கடைசிச் சொல்தான் முழுதா குறையா என்று காட்டும். எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு!

மே 10

தமிழிலும் எழுத்து இடம் மாறும். தசை சதையாகும், விசிறி சிவிறியாகும். இலக்கணப்போலி என்று பள்ளியில் படித்தோம். ஆனால் நமக்குப் பொருள் மாறுவதில்லை. ரொட்டுமனில் இந்த இடமாற்றம் வாக்கியத்துக்கு வாக்கியம் வேலை செய்கிற இலக்கணம். தீமோரின் டாவான், சாலமன் தீவுகளின் குவாரா’அயே ஆகியவற்றிலும் இடமாற்றம் உண்டு. அவையும் இதே பெருங்குடும்பம்தான்.

மே 13

இன்று ரொட்டுமா தினம். 1881இல் இதே நாளில் தீவு பிரிட்டன் வசமானது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1878இல், கத்தோலிக்கரும் வெஸ்லியன் (மெதடிஸ்ட்) சபையாரும் அங்கே போரே நடத்தியிருக்கிறார்கள். எழுத்து முறையிலும் சபைக்கு ஒரு வழி இருந்தது.

எழுத்து முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரோமன் எழுத்தில் ‘மொஸெ’யின் குறை நிலைக்கு ‘ஒ’வின் மேல் இரண்டு புள்ளி வைக்க வேண்டும். அவசரத்தில் எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். உதிர்ந்த உயிர் இன்னது என்பதற்கு அந்தப் புள்ளிகள்தான் மிச்சமிருக்கும் தடம். ஃபிஜியின் ஊர்களில், ஆங்கிலத்துக்கும் ஃபிஜியனுக்கும் இடையே வளரும் ரொட்டுமன் பிள்ளை இதைக் கேட்டுப் பழக வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் படித்துத்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்காகவாவது புள்ளி வையுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தால் போதும், வந்துவிடும்.