சூப் அண்டாவிலிருந்து வந்த டிக்கெட்

எடின்பரோவின் மர்ரேஃபீல்டு ரக்பி மைதானத்தில் ஸ்காட்லாந்து-இங்கிலாந்து ஆட்டத்துக்கு உனக்கு எப்படி டிக்கெட் கிடைத்தது என்று வார்டில் இன்னும் கேட்கிறார்கள். சூப் அண்டாவிலிருந்து கிடைத்தது என்பேன். யாரும் நம்புவதில்லை.

எடின்பரோவுக்கு நான் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நர்ஸ் வேலை. நாகர்கோவிலில் வளர்ந்த எனக்கு விளையாட்டு என்றால் அண்ணன்களின் கிரிக்கெட், அதிலும் பந்து பொறுக்கிப் போடும் பங்கு மட்டும்தான். ரக்பி பக்கம் என்னை இழுத்தது ஆட்டம் அல்ல, ஒரு கோப்பையின் படம். வார்டின் ஓய்வறையில் கிடந்த பழைய பத்திரிகையில் பார்த்தேன். கைப்பிடிகளாக மூன்று நாகங்கள் படமெடுத்து நிற்கின்றன, மூடியின் மேல் அம்பாரி வைத்த யானை. நம்மூர்ப் பாத்திரக்கடை அலமாரியில் இருக்க வேண்டியது ஸ்காட்லாந்து வீரன் கையில் எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

அதன் பெயரே கல்கத்தா கோப்பை. 1870களில் கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர்கள் ஒரு ரக்பி கிளப் நடத்தினார்கள். கிளப்பில் இலவசமாகக் கிடைத்த மது நின்றதும் உறுப்பினர்களும் நின்றுவிட்டார்கள் என்று இங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1878இல் கிளப்பைக் கலைத்தபோது வங்கியில் மிச்சம் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, அவற்றை உருக்கிக் கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 270 ரூபாய் உருகியது என்பது கணக்கு. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக மோதுகின்றன. முதல் ஆட்டம் நடந்தது இதே எடின்பரோவில், நான் காய்கறி வாங்கப் போகும் ரேபர்ன் பிளேஸ் தெருவை ஒட்டிய மைதானத்தில். 1871இல் உலகின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டமும் அங்கேதான் நடந்தது. அப்போது பக்கத்துக்கு இருபது பேர். நான்கு வருடமாக அந்த மதிலை ஒட்டியே வெங்காயமும் உருளைக்கிழங்கும் சுமந்து நடந்திருக்கிறேன்!

போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் முடிவு செய்தேன். அப்போதுதான் சிக்கல் புரிந்தது.

கல்கத்தா கோப்பை ஆட்டம் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற தொடரில் ஒன்று. அந்தத் தொடர் ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று ஆறு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்துடனும் ஒரே ஒரு முறைதான் ஆடும். ஆகவே ஒரு வருடம் சொந்த ஊரில் இரண்டு ஆட்டம், அடுத்த வருடம் மூன்று. ஸ்காட்லாந்தைப் பொறுத்தவரை இங்கிலாந்தும் பிரான்ஸும் இரட்டைப்படை வருடங்களில் எடின்பரோவுக்கு வருகின்றன. 2024ஐ விட்டால் அடுத்தது 2026. மர்ரேஃபீல்டில் 67,144 இருக்கைகள் இருக்கின்றன. கேட்பதற்கு நிறைய போலத் தெரியும். ஆனால் இங்கிலாந்தோடு ஆட்டம் என்றால் இந்த ஊரில் பாட்டிமார்களும் வரிசையில் நிற்பார்கள்.

பொது விற்பனையில் எனக்குக் கிடைக்கவில்லை. இரவு டூட்டி முடிந்து வந்து, கண் எரிய எரிய கணினி முன் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது பிரான்ஸ் ஆட்டத்துக்குச் சில இடங்கள் இருந்தன, இங்கிலாந்துக்கு ஒன்றும் இல்லை.

அடுத்து ஒரு முட்டாள்தனம் செய்தேன். எடின்பரோ வாசிகளுக்கான ஒரு சமூக ஊடகக் குழுவில் ஒருவர் இரண்டு டிக்கெட் விற்பதாகப் போட்டிருந்தார். பேச்சு மிகவும் மரியாதையாக இருந்தது, மகளுக்கு அன்று திருமணம் என்றார். முன்பணமாக அறுபது பவுண்டு அனுப்பினேன். அனுப்பிய நிமிடம் முதல் அவர் இல்லை, அந்தக் கணக்கும் இல்லை. பிப்ரவரி மாதச் சனிக்கிழமையில், அதுவும் இங்கிலாந்து ஆட்டத்தன்று, மகளுக்குத் திருமணம் வைக்கும் ஸ்காட்லாந்துக்காரர் உலகத்தில் உண்டா என்று வார்டில் சிரித்தார்கள். அதைத்தான் நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். டிக்கெட் இப்போது ஃபோனில் வருவது. ஒருவர் தன் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு முறையாக மாற்றிக் கொடுக்க வேண்டும். அது நடக்கும் வரை நீங்கள் வாங்கியது வெறும் பேச்சு.

வழி காட்டியவர் எங்கள் மாடிப்படிக்கு எதிர்வீட்டுப் பெரியவர். பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். "டிக்கெட்டைக் கடையில் தேடினால் எப்படி? கிளப்புக்கு வா" என்றார். ரக்பி சங்கம் தன் கீழுள்ள உள்ளூர் கிளப்புகளுக்கு ஒரு பங்கு டிக்கெட்டை ஒதுக்குகிறது. கிளப் அதைத் தன் உறுப்பினர்களுக்கு விற்கிறது. விளையாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சந்தா கட்டி ஆடாத உறுப்பினராகவும் சேரலாம். ஆனால் பெரியவர் ஒரு நிபந்தனையும் சொன்னார். எழுதப்படாத நிபந்தனை. சந்தா மட்டும் கட்டிவிட்டு டிக்கெட் நாளன்று முகம் காட்டுபவரை அங்கே யாருக்கும் பிடிக்காது.

அப்படித்தான் அக்டோபரிலிருந்து, டூட்டி இல்லாத சனிக்கிழமைகளில், கிளப்பின் அடுக்களையில் நான் சூப் ஊற்றத் தொடங்கினேன். மசூர் பருப்பும் கேரட்டும் சேர்த்து, பன்றி எலும்பு போட்டுக் கொதிக்கவைக்கும் சூப் அது. எலும்பை எடுத்துவிட்டால் நம் சாம்பாருக்கு ஒன்றுவிட்ட தங்கை, புளியும் மிளகாயும் இல்லாமல் சாதுவாக வளர்ந்தவள். அடுக்களை ஜன்னல் வழியாக மைதானம் தெரியும். அந்த ஜன்னல்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறிய வேண்டும் என்பது முதலில் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. முன்னேறுவதற்காக ஆடும் ஆட்டத்தில் எல்லோரும் பின்னால் எறிகிறார்களே! காலால் உதைத்தால் முன்னால் போகலாம், கையில் வைத்துக்கொண்டு ஓடியும் போகலாம். எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, ஐந்து புள்ளி. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. பெனால்டி உதைக்கு மூன்று. ஸ்க்ரம் மட்டும் இன்று வரை எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. பதினாறு பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து முட்டுகிறார்கள், நடுவர் ஊதுகிறார், எதற்கு ஊதினார் என்று அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். பெரியவரிடம் கேட்டால், அறுபது வருடமாகப் பார்க்கிறேன், எனக்கும் தெரியாது என்கிறார்.

அவர் 1975 மார்ச்சில் மர்ரேஃபீல்டில் வேல்ஸ் ஆட்டம் பார்த்தவர். அன்று கதவில் காசு கொடுத்து உள்ளே போகலாம். ஒரு லட்சத்து நாலாயிரம் பேர் நுழைந்துவிட்டார்கள். தன் கால் தரையில் பட்டதே இல்லை, கூட்டமே தூக்கிக்கொண்டு போய்க் கூட்டமே வெளியே கொண்டுவந்து விட்டது என்பார். அந்த நெரிசலுக்குப் பிறகுதான் டிக்கெட் இல்லாமல் நுழைய முடியாது என்ற நிலை வந்தது. ஆக, உன் கஷ்டத்துக்கு நானும் ஒரு காரணம் என்று சொல்லிக் கண் சிமிட்டுவார்.

டிசம்பரில் குலுக்கல். கேட்டவர்கள் டிக்கெட்டுகளைப்போல மூன்று மடங்கு. பெயர்களைப் பழைய பரிசுச்சீட்டுகளின் முதுகில் எழுதினார்கள். போட்டுக் குலுக்கப் பாத்திரம் தேடியபோது, நான் அப்போதுதான் கழுவிக் கவிழ்த்த சூப் அண்டா கண்ணில் பட்டது. ஈரத்தைத் துடைத்துக் கொடுத்தேன். பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியின் ஒரு பையன் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தான். என் பெயர் வரவில்லை. டிக்கெட்டுகள் தீர்ந்த பிறகு காத்திருப்போர் பட்டியலுக்கு எடுத்தபோது மூன்றாவதாக வந்தது. அதையும் அவன் சரியாக வாசிக்கவில்லை. நான்கு எழுத்துகளைக் கடந்ததும் மூச்சு வாங்கி என்னைப் பார்த்தான். கூட்டம் கை தட்டியது.

மூன்றாம் இடம் என்றால் நம்பிக்கை கொள்வதா வேண்டாமா என்று தெரியாத இடம். ஜனவரியில் டிக்கெட் கிடைத்த ஒருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சைத் தேதி வந்தது, விலகினார். மற்றொருவருக்கு துபாயில் வேலை கிடைத்தது. இதற்கிடையே பிப்ரவரி டூட்டிப் பட்டியல் வந்துவிட்டது. 24ஆம் தேதி சனிக்கிழமை எனக்குப் பகல் டூட்டி! டிக்கெட்டே இல்லாத ஆட்டத்துக்காக மலையாளித் தோழி ஒருத்தியிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன். விலை இரண்டு ஞாயிறு இரவுகள். அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது, "டிக்கெட் கிடைக்காவிட்டால் அந்த ஞாயிறு திரும்ப வருமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஆட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை இரவு கிளப் செயலாளர் அழைத்தார். உறுப்பினர் ஒருவரின் மகளுக்குக் குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே குழந்தை பிறந்துவிட்டது, தாத்தா அபர்டீனுக்குக் கிளம்பிவிட்டார். அந்தக் குழந்தைக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கி அனுப்பினேன். நான் அதன் முகத்தைப் பார்த்ததில்லை.

பணம் கட்டியதும் டிக்கெட் ஃபோனுக்கு வந்தது. சரியாக அந்தக் குறியீடு தெரியும் இடத்தில் என் ஃபோன் திரையில் விரிசல். வாசலில் வாசிக்குமா வாசிக்காதா என்று பயந்து, என் கணக்கைக் கணவரின் ஃபோனில் திறந்து அதை எடுத்துக்கொண்டேன். அன்று முழுவதும் மகளோடும் விரிசல் விட்ட ஃபோனோடும் அவர் வீட்டில் இருந்தார்.

ஆட்டம் மாலை 4.45க்கு. மைதானத்தின் வாசலிலேயே டிராம் நிற்கும், ஆனால் அன்று டிராமில் ஏற முயல்வதைவிட ஹேமார்க்கெட்டில் இறங்கிக் கூட்டத்தோடு நடப்பது சுகம், இருபது நிமிடம். வாசலில் என் துணிப்பையைப் பார்த்த காவலர் ஒரு ஏ4 தாளைத் தூக்கிக் காட்டினார். இதைவிடப் பெரிய பை உள்ளே போகாது. நாகர்கோவில் ஜவுளிக்கடைப் பை, ஏ4 போல இரண்டு மடங்கு. ஓரமாக நின்று, கொண்டுவந்த இரண்டு சப்பாத்திச் சுருள்களையும் தின்றேன். சால்வையைக் கழுத்தில் சுற்றினேன். பையை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு மறுபடி வந்தேன். அவர் சிரித்து உள்ளே விட்டார்.

என் வலப்பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட இங்கிலாந்துத் தம்பதி, இடப்பக்கம் கில்ட் என்ற ஸ்காட்லாந்துப் பாவாடை கட்டிய தாத்தா. கால்பந்து போல எதிரணி ரசிகர்களைத் தனியே அடைத்து வைப்பதில்லை. தேசியப் பாடல் பாடும்போது பேக்பைப்பும் வாத்தியங்களும் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டன, அடுத்த சரணத்தை அறுபதாயிரம் பேரும் வெறும் குரலில் பாடினார்கள். அந்தத் தாத்தாவின் குரல் சுதியில் இல்லை, ஆனால் கன்னம் நனைந்திருந்தது. நான் வாயசைத்தேன்.

தொடக்கத்தில் இங்கிலாந்து 10-0 என்று முந்திவிட்டது. தம்பதி எனக்கு மிட்டாய் கொடுத்தார்கள், ஆறுதலாக. பிறகு ஸ்காட்லாந்தின் டூஹான் வான் டெர் மெர்வ வந்தார். அவருடைய இரண்டாவது ட்ரை இன்னும் கண்ணில் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் ஒருவர் பந்தைக் கைநழுவ விட்டார், அது கைமாறி இவரிடம் வந்தபோது தன் பாதி மைதானத்திலேயே நின்றிருந்தார். அங்கிருந்து ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக நகர்வதை நான் அதுவரை பார்த்ததில்லை. தாத்தா என் தோளைப் பிடித்து உலுக்கியதில் சால்வை கீழே விழுந்தது. இடைவேளைக்குப் பின் சக வீரர் ஃபின் ரஸ்ஸல் மூலையை நோக்கி உதைத்த பந்தைப் பிடித்து மூன்றாவதையும் போட்டார். இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று ட்ரை அடித்த முதல் ஸ்காட்லாந்து வீரர் அவர்தான். முடிவு 30-21. தொடர்ந்து நான்காவது வருடமாகக் கோப்பை இங்கேயே தங்கியது. தம்பதி எழுந்து தாத்தாவுக்கும் எனக்கும் கைகொடுத்தார்கள். நான் என்ன செய்தேன், எனக்கு எதற்கு என்று கூச்சமாக இருந்தது.

கோப்பையைத் தூக்கியபோது என் இருக்கையிலிருந்து யானை தெரியவில்லை. ஒரு மினுமினுப்புப் புள்ளி மட்டும்.

அடுத்த சனிக்கிழமை கிளப் அடுக்களைக்குள் நுழைந்தபோது, இந்த வருடம் சிக்ஸ் நேஷன்ஸ் நமக்குத்தான் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொடரின் பட்டியலில் வெற்றிக்கு நான்கு புள்ளி, நான்கு ட்ரை அடித்தால் கூடுதலாக ஒன்று, ஏழு புள்ளிக்குள் தோற்றாலும் ஒன்று. பெரியவர் மட்டும் பேசாமல் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து, மார்ச் 9 அன்று, ரோமில் இத்தாலியிடம் 31-29 என்று தோற்றோம். "தோற்றோம்" என்றுதான் எனக்கும் வாயில் வந்தது. பெரியவர் படியில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இப்போதுதான் நீ உண்மையான உறுப்பினர்" என்றார். "அடுத்த சனிக்கிழமை கேரட் நறுக்கச் சீக்கிரம் வா."