எக்ஸ்போர்ட் சாவி

2015 மார்ச்சில் ஒரு நாள் காலை, வந்து உட்கார்வதற்குள் மேலாளர் கேட்டார்: "நம்ம சர்வர்ல எக்ஸ்போர்ட் சைஃபர் ஏதாவது இருக்கா, பாருங்க." சைஃபர் என்றால் செய்தியைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்க முறை; எக்ஸ்போர்ட் சைஃபர் என்பது ஏற்றுமதிக்கென்றே பலவீனமாக்கிய பழைய வகை. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் ஃப்ரீக் என்ற பாதுகாப்பு ஓட்டை அந்த வாரம்தான் வெளியே தெரிந்திருந்தது. இருக்காது என்ற நம்பிக்கையில்தான் பார்த்தேன். நான்கு சர்வர்களில் இருந்தது.

1990களில் வலுவான குறியாக்கம் அமெரிக்காவின் ஆயுதப் பட்டியலில் இருந்தது. ஏற்றுமதியாகும் மென்பொருளில் ரகசியச் சாவி 40 பிட், அதைப் பரிமாறிக்கொள்ள உதவும் ஆர்.எஸ்.ஏ. சாவி 512 பிட், அவ்வளவுதான் அனுமதி. நெட்ஸ்கேப் உலாவியே உள்ளூருக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று என இரண்டாக வந்தது. 40 பிட் என்றால் சுமார் ஒரு லட்சம் கோடி சாவிகள். நமக்குத்தான் மலைப்பு, கணினிக்கு இல்லை. 1995இலேயே பிரான்சில் ஒருவர் 8 நாளில் உடைத்துக் காட்டிவிட்டார்.

2000இல் கட்டுப்பாடு தளர்ந்தது. பழைய உலாவிகளுக்காகத் திறந்து வைத்த வழியை மட்டும் யாரும் அடைக்கவில்லை. (நானும்தான். எனக்கு முன்னால் இருந்தவரின் கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி செய்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.) உலாவிக்கும் சர்வருக்கும் நடுவில் புகுந்தவர் உலாவியின் பெயரில் எக்ஸ்போர்ட் சாவி கேட்டால் சர்வர் கொடுத்துவிடும். பிழையுள்ள உலாவியும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். 512 பிட்டை உடைக்க வாடகைக் கணினிகளும் சுமார் 100 டாலரும் சில மணி நேரமும் போதும். அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ.வின் இணையதளத்திலேயே இந்த ஓட்டை இருந்தது என்று படித்தபோது சிரிப்பதா என்று தெரியவில்லை.

வேலை என்னவோ எக்ஸ்போர்ட் சைஃபரை நிறுத்த கான்ஃபிக் ஃபைலில் ஒரே வரிதான். சேர்த்துவிட்டு மறந்தும் போனேன்.

அப்புறம் செப்டம்பரில் இந்திய அரசின் குறியாக்கக் கொள்கை வரைவு வந்தது. குறியாக்கம் செய்து அனுப்பிய செய்தியை, குறியாக்கம் செய்யாத மூல வடிவில் 90 நாள் வரை அப்படியே வைத்திருந்து, கேட்டால் கொடுக்க வேண்டுமாம். அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்பதே அப்போது உச்ச நீதிமன்றத்தில் தீராத கேள்வி. 2017 ஆகஸ்டில்தான் 9 நீதிபதிகள் ஆம் என்றார்கள்.

மேலாளர் செலவுக் கணக்கு கேட்டார். எக்செலில் வட்டு, பேக்கப், ஆள் என்று நிரப்பிக்கொண்டே வந்தேன். 'யாரெல்லாம் திறந்து பார்க்கலாம்' என்ற கட்டத்தில் கை நின்றது. "அரசாங்கம்னு போடுங்க" என்றார். "திருடுறவனை எங்க சார் போடுறது?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சில நாளில் அரசே வரைவைத் திரும்பப் பெற்றது. கட்டத்தை நிரப்பாமலே ஃபைலை மூடினேன்.