ஒளிபுகும் மரம்: வாய்மொழித் தேர்வில் நான் இடறிய இடம்

முடிவு நேற்று வந்தது. தேறிவிட்டேன்; எதிர்பார்த்த தரம் மட்டும் கிடைக்கவில்லை. காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். மரத்தை வெளுத்து, பிளாஸ்டிக் நிரப்பி ஒளிபுகச் செய்யும் இந்தத் தலைப்பில் ஆய்வேடு எழுதுபவர்கள் அங்கேயே இடறக் கூடாது என்பதால் உடனே எழுதுகிறேன்.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. பிறகு ஒரு தேர்வாளர் கேட்டார்: “வெளுத்த பிறகு லிக்னின் எவ்வளவு மீதி இருந்தது?” மரத்துக்குப் பழுப்பு நிறம் தரும் பொருள்தான் லிக்னின். என்னிடம் வெண்மை அளவு இருந்தது, ஒளி ஊடுகடத்தல் விழுக்காடு இருந்தது. லிக்னின் அளவு இல்லை. “மரம் வெள்ளையாகிவிட்டது, ஆகவே லிக்னின் நீங்கிவிட்டது” என்றேன். அதன்பின் வந்த கேள்விகள் அனைத்தும் அந்த வாக்கியத்தைச் சுற்றியே வந்தன.

நிறம் வேறு, லிக்னின் வேறு. நான் பயன்படுத்தியது காரக் கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடு. அது முக்கியமாகத் தாக்குவது லிக்னினில் உள்ள நிறந்தாங்கிக் குழுக்களை, அதாவது நிறம் தரும் பகுதிகளை. லிக்னினின் பெரும்பகுதி மரத்திலேயே தங்கிவிடும். 2017இல் ஸ்டாக்ஹோமின் கேடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு லிக்னினில் 80% வரை தக்கவைத்தே 1.5 மி.மீ. தடிமனில் 83% ஒளி ஊடுகடத்தலைப் பெற்றது. அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன். எண்களை மனப்பாடம் செய்தேன், அவை என்ன சொல்கின்றன என்று யோசிக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அமிலக் கரைசலில் சோடியம் குளோரைட்டு செய்வது வேறு வேலை. அது லிக்னினையே கரைத்து, மரத்தின் எடையில் ஏறக்குறைய 25 விழுக்காட்டிலிருந்து 3க்கும் கீழே இறக்கிவிடும். செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசையே லிக்னின்தான் என்பதால் ஈர மரம் தளர்ந்துபோகும். தொடக்கத்தில் இந்த முறையை முயன்றபோது இரண்டு துண்டுகள் என் கையிலேயே பிரிந்தன. அதைக் குறிப்பேட்டில் ‘தோல்வி’ என்று மட்டும் எழுதினேன். காரணத்தையும் எழுதியிருந்தால் தேர்வாளரின் கேள்விக்கு விடை அங்கேயே இருந்திருக்கும்.

ஆகவே:

வெளுப்பதற்கு முன்னும் பின்னும் கிளாசன் முறையில் (மற்றவற்றை அமிலத்தில் கரைத்து, கரையாமல் நிற்கும் லிக்னினை எடைபோடும் முறை) லிக்னினை அளந்துவிடுங்கள். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

வெளுத்த மரம் வெள்ளையாகத்தான் இருக்கும், ஒளி புகாது. செல் குழிகளில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. செல் சுவரில் உள்ள செல்லுலோஸின் ஒளிவிலகல் எண் சுமார் 1.53. அதற்கு நெருக்கமாக 1.49 உள்ள பிஎம்எம்ஏ என்ற தெளிவான பிளாஸ்டிக் அந்தக் குழிகளை நிரப்பிய பிறகே சிதறல் குறைந்து மரம் தெளிகிறது. இதைப் படம் வரைந்து விளக்கப் பழகுங்கள்.

பெராக்சைடுடன் சோடியம் சிலிகேட்டும் டிடிபிஏவும் ஏன் சேர்க்கிறோம் என்று கேட்பார்கள். இரும்பு, மாங்கனீசு அயனிகள் பெராக்சைடை வீணாகச் சிதைத்துவிடும் என்பதே விடையின் மையம். டிடிபிஏ அந்த அயனிகளைப் பிடித்துவைக்கும். சிலிகேட் பெராக்சைடை நிலைப்படுத்தும்.

லிக்னினைத் தக்கவைப்பதன் குறையையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்: புற ஊதா ஒளி பட்டால் மீண்டும் மஞ்சளாகும்.

கடைசி வாரத்தில் புதிய கட்டுரைகள் வேண்டாம். கூட்டாகப் படிப்பது சிலருக்கு உதவலாம். எனக்குத் தனியே அமர்ந்து, ஒரே தாளில் ‘எது நீங்கியது, எது தங்கியது, அதனால் எந்தப் பண்பு மாறியது’ என்று எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அதைச் செய்தது தேர்வுக்கு மறுநாள்.

இன்னொன்று, எழுத்துத் தேர்வுக்கு: குளோரைட்டு என்பதைக் குளோரைடு என்று எழுதிவிடாதீர்கள். ஓர் எழுத்து மாறினால் சமையல் உப்பில் மரத்தை வெளுத்ததாக ஆகிவிடும்.